மரியா விசென்டேவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மரியா,

உங்க முகம் எனக்கு முதல்ல தெரிஞ்சது இன்ஸ்டாகிராம்ல தான். யாரோ ஷேர் பண்ண போட்டோ, கீழ வரிசையா ஹார்ட், தீ எமோஜி, "யார் இந்த அழகி"ன்னு நூறு பேர். அதுல ஒருத்தர் கூட நீங்க என்ன விளையாடுறீங்கன்னு கேக்கல. எனக்கு அது உறுத்திச்சு, அதனாலதான் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன்.

பார்சிலோனா பக்கத்துல ஓஸ்பிதலெட்ல பொறந்த பொண்ணு, 16 வயசுல நைரோபி போய் 2017 உலக யூத் போட்டியில ஹெப்டாத்லான்ல, அதாவது ஏழு தடகள ஈவென்ட் சேர்ந்த போட்டியில, தங்கம். அடுத்த வருஷம் ஹங்கேரியில, ஜ்யோர்ல நடந்த ஐரோப்பிய யூத் போட்டியில, 6221 பாயிண்ட் எடுத்து அந்த வயசுக்கான உலக சாதனை, அது போதாதுன்னு அதே போட்டியில டிரிபிள் ஜம்ப்லயும் தங்கம். ஏழு ஈவென்ட் விளையாடுன கால் அது! 2019ல ஐரோப்பிய ஜூனியர் தங்கம், 2021ல ஸ்பெயின்ல இருக்கிற அரோனால 6304 பாயிண்ட் எடுத்து ஸ்பெயின் ரெக்கார்டு, அதே வருஷம் டோக்கியோ ஒலிம்பிக்ஸ்.

ரீல்ஸ்ல வர்றது பதினஞ்சு செகண்ட் தான். ஹெப்டாத்லான் ரெண்டு நாள். முதல் நாள் ஹர்டில்ஸ், ஹை ஜம்ப், ஷாட்புட், 200 மீட்டர், மறுநாள் லாங் ஜம்ப், ஜாவலின், கடைசியா உடம்புல ஒண்ணுமே மிச்சமில்லாதப்போ 800 மீட்டர். ஹை ஜம்ப்ல 1.80 தாண்டினா 978 பாயிண்ட், 1.77ல நின்னுட்டா 941. மூணு சென்டிமீட்டர், ரெண்டு விரல் அகலம் கூட இல்ல, அதுக்கு 37 பாயிண்ட் போயிடும். அந்தக் கணக்கு புரிஞ்ச நாள்ல இருந்து உங்க போட்டோவ விட ஸ்கோர் ஷீட்ட தான் நான் அதிகமா பாக்குறேன்.

2024 மார்ச் 1, கிளாஸ்கோ உலக இன்டோர் (உள்ளரங்க) போட்டி. நம்மூர்ல சாயங்கால நேரம், டீ டம்ளர பக்கத்துல வச்சுக்கிட்டு போன்ல பாத்துட்டு இருந்தேன். இன்டோர்ல அஞ்சு ஈவென்ட், ஒரே நாள்ல முடிஞ்சிரும். ஹர்டில்ஸ் ஓடி முடிச்சு ஹை ஜம்ப் வந்தீங்க, அங்க தான் குதிகாலுக்கு மேல இருக்கிற அகில்லிஸ் தசைநார் அறுந்துபோச்சு. டீ ஆறிப்போய் ஏடு கட்டியிருந்தது, நான் அப்புறம் தான் கவனிச்சேன். அதே ஊர்ல 2019ல உங்க நாட்டுக்காரர் ஹோர்ஹே உரேன்யா ஐரோப்பிய இன்டோர் தங்கம் வாங்கினவரு, அதனால உங்களுக்கும் அந்த ஊரு ராசியா இருக்கும்னு மனசுக்குள்ள நெனச்சுட்டு உக்காந்திருந்தேன்.

பாரிஸ் ஒலிம்பிக்ஸ் கைவிட்டுப் போச்சு. அப்பவும் உங்க பழைய போட்டோவ ஷேர் பண்ணிட்டே தான் இருந்தாங்க, அதே ஹார்ட், அதே எமோஜி, இந்தப் பொண்ணு இப்போ நடக்கவே திரும்பப் பழகிட்டு இருப்பாளேன்னு ஒருத்தருக்கும் தோணலயேன்னு எனக்கு அவ்வளவு கோவம் வந்துச்சு. ஆனா யோசிச்சா, நானும் அந்த மாதிரி ஒரு போட்டோ வழியா தான் உங்ககிட்ட வந்தேன். அவங்கள்ல பத்து பேர் அந்த 800 மீட்டர் வரைக்கும் உக்காந்து பாத்துட்டா எனக்குப் போதும்.

அந்த 800 முடிஞ்சதும் எல்லாரும் டிராக்குல அப்படியே படுத்துக் கிடப்பீங்கல்ல, அப்புறம் ஒருத்தரை ஒருத்தர் தூக்கிவிட்டு கைகோத்து மைதானத்தச் சுத்தி வருவீங்க, ஜெயிச்சவங்க தோத்தவங்க எல்லாரும் ஒரே வரிசையில. எப்போ பாத்தாலும் அந்த வரிசையில முதல்ல உங்களத்தான் தேடுறேன் மரியா.

அன்புடன்,
உங்க ஸ்கோர் ஷீட்ட விடாம பாக்குற ஒரு ரசிகை