புது வீட்டுக்குப் போறவளுக்கு

அடியே,

சிங்கப்பூர் தோ பாயோவுல பழைய ரீசேல் வீடு முடிவாயிடுச்சுன்னு நீ மெசேஜ் போட்டதும் எனக்கு கையும் ஓடல காலும் ஓடல, வாடகை வீட்டுல மாறி மாறி இருந்து நீ பட்ட கஷ்டம் எனக்குத்தான் தெரியும். அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கு? லிஃப்ட் உங்க மாடியிலயே நிக்குதுன்னு சொன்னியே, அதுவே பாதி நிம்மதி.

அக்கம்பக்கத்துக்காரங்க மனசுல மொத நாளே நல்லபடியா இடம் புடிக்க என்ன செய்யணும், ஸ்வீட் பாக்ஸ் எத்தன வாங்கணும்னு கேட்டிருந்த. ஸ்வீட்ட அப்புறம் பாப்போம். அதவிட முக்கியம், அவங்களுக்கு தொந்தரவு வரப்போகுதுன்னா அத அவங்க காதுல நீ முன்னாடியே போட்டுடறது, என்னக் கேட்டா அதுதான் எல்லாத்துக்கும் மேல.

அரசாங்கம் புதுசா கட்டிக் குடுக்கற பிடிஓ வீடுன்னா எல்லார் வீட்லயும் ஒரே நேரத்துல டிரில்லு ஓடும், யாரும் யாரையும் கோவிச்சுக்க மாட்டாங்க. உன்னோடது பழைய பிளாக்கு. அங்க வயசானவங்க முப்பது நாப்பது வருஷமா ஒரே வீட்ல இருப்பாங்க, திடீர்னு ஒருநாள் தலைக்கு மேல டைல்ஸ உடைச்சா எப்படி இருக்கும் யோசிச்சுப் பாரு. டைல்ஸ், சுவர உடைக்கற ஹேக்கிங் மாதிரி சத்தமான வேலைய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) வாரநாள்ல காலைல 9லேருந்து சாயங்காலம் 5 வரைக்கும்தான் விடும், சனி ஞாயிறு பொது விடுமுறைல கிடையாது. காண்ட்ராக்டர் நோட்டீஸ் ஒட்டுவாரு, ஆனா நீயும் அண்ணனும் மேல்வீடு கீழ்வீடு ரெண்டு பக்கத்து வீடுன்னு நேர்ல போய் பெல் அடிச்சு, இந்தத் தேதி ஹேக்கிங், அன்னிக்கு ரொம்ப சத்தமா இருக்கும் ஆன்ட்டி, என் போன் நம்பர் இதுன்னு சொல்லிட்டு வாங்க. அப்பதான் தெரியும், ஒரு வீட்ல நைட் ஷிப்ட் போற நர்ஸ் பகல்ல தூங்குவாங்க, இன்னொரு வீட்ல ஆறாம் வகுப்பு முடிவுல பிஎஸ்எல்இ பரீட்சை எழுதுற பிள்ள இருக்கும், ஒரு நாள் முன்னப்பின்ன தள்ளி வைக்க முடிஞ்சா காண்ட்ராக்டர்கிட்ட கேட்டுப் பாரு, முடியலன்னாலும் நீ கேட்டேங்கிறத அவங்க மறக்கவே மாட்டாங்க.

அடுத்தது பால் காய்ச்சறது. ஆவணியில விடியகாலை முகூர்த்தம்னு சொல்ற, அய்யரு நாலரைக்கே வந்து மணி அடிச்சு மந்திரம் ஆரம்பிச்சுடுவாரு. ராத்திரியிலயும் விடியகாலையிலயும் அமைதியா இருக்கணும்னு இங்க எல்லாருக்கும் தெரியும், அந்த நேரத்துல ஹோமப் புகை காரிடார்ல போனா தீப்பிடிச்சிடுச்சுன்னு யாராவது தீயணைப்புக்கு, 995க்கு கூப்பிட்டாலும் தப்பு சொல்ல முடியாது. அதனால மொத நாளே போய், நாளைக்கு விடியகாலைல எங்க பூஜை, கொஞ்சம் புகை வரும், மணிச்சத்தம் கேக்கும்னு சொல்லிடு. சின்ன குண்டமா வைக்கச் சொல்லு, ஜன்னலத் திறந்து வாசக்கதவ சாத்தி வை. சொந்தக்காரங்க செருப்பெல்லாம் கேட்டுக்கு உள்ளயே கிடக்கட்டும், காரிடார்ல 1.2 மீட்டர் வழி விடணும்னு ரூல் இருக்கு, ரூல விடு, பக்கத்து வீட்டு தாத்தா வீல்சேர்ல வரணும்ல.

இன்னொண்ணு, ஆவணி நமக்கு நல்ல மாசம், சீனவங்களுக்கு அதே சமயத்துல ஆவிங்களுக்குப் படைக்கற ஏழாம் மாசம் ஓடிட்டிருக்கலாம், நாம ஆடியில வீடு மாறாத மாதிரி அவங்கள்ல நிறைய பேர் அப்ப மாறமாட்டாங்க. ஐயோ இப்ப போயா குடி வரன்னு பக்கத்து வீட்டு ஆன்ட்டி அக்கறையா கேட்டா, எங்க பஞ்சாங்கத்துல இது நல்ல மாசம் ஆன்ட்டின்னு சிரிச்சிக்கிட்டே சொல்லு. அவங்க ஊதுபத்தி புகை உன் வீட்டுக்குள்ள வந்தா டொக்குன்னு கதவ சாத்தாத. உன் சாம்பிராணிய அவங்க பொறுத்துக்கிட்டா அவங்க புகைய நீயும் பொறுத்துக்கணும், எனக்கு இதுல ரெண்டாவது பேச்சே கிடையாது. ஒரு பிளாக்ல ஒவ்வொரு இனத்துக்காரங்களும் இவ்ளோ பேர்தான் இருக்கலாம்னு 1989லேருந்து இனக் கோட்டா இருக்கறதால அநேகமா எல்லா பிளாக்லயும் கலந்துதான் இருக்கோம், ஆனா ஒருத்தர் பண்டிகைய இன்னொருத்தர் தாங்கிக்கிறதெல்லாம் கோட்டா செய்யாது, நாமதான் செய்யணும்.

இப்ப ஸ்வீட் விஷயம். லட்டு, ஜிலேபி வேணாம்டி, சீன அங்கிள் ஆன்ட்டி நிறைய பேருக்கு நம்ம இனிப்பு திகட்டும், சுகர் வேற இருக்கும். முறுக்கு, ஓமப்பொடி குடு, எல்லாரும் விரும்பி சாப்பிடுவாங்க. மலாய் குடும்பத்துக்கு லிட்டில் இந்தியா தேக்காவுல ஹலால் முத்திரை போட்ட பாக்கெட்டா பாத்து வாங்கு, வீட்ல செஞ்சத குடுத்தா வாங்கிப்பாங்க, ஆனா சாப்பிடலாமா வேணாமான்னு அவங்கள சங்கடப்படுத்த வேணாமே. ஒண்ணும் புரியலன்னா நல்ல பழமா குடு. எங்க பிடோக் வீட்ல பக்கத்துல இருக்கற மலாய் அம்மா, மக்சிக்குக்கு நான் குடுத்த டப்பா வெறுமனே திரும்பி வந்ததே இல்ல, நோன்புப் பெருநாளுக்கு குவே பலகாரம் வெச்சு அனுப்புவாங்க, அந்த அன்பு எனக்கு கூடப்பொறந்தவங்ககிட்ட கூட கிடைச்சதில்ல, நெஜமா சொல்றேன்.

துணி காயப்போடறத மறந்துட்டேன் பாரு. மூங்கில் கம்புல ஈரத்துணி சொட்டறதுலதான் பாதி சண்டை ஆரம்பிக்குது. மெஷின்ல நல்லா பிழிய விட்டு, கீழ எட்டிப் பாத்துட்டு போடு. இடிகல்லுக்கு அடியில கனமான துணிய மடிச்சு வை, ராத்திரி இடிக்கவே இடிக்காத. சமூக சமரச நிலையம் 1998லேருந்து இருக்கு, 2015ல அக்கம்பக்கத்து சண்டைக்குனே தனி தீர்ப்பாயமும் வந்துச்சு, அங்க போய் உக்கார்றவங்களப் பாத்தா எனக்கு பாவமா இருக்கும், மொதல்லயே கதவத் தட்டி ரெண்டு வார்த்த பேசியிருந்தா சிலது அவ்ளோ தூரம் போயிருக்காதுல்ல.

இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். பெரியவன் தேசிய சேவைக்கு (என்எஸ்) போயாச்சு, சனிக்கிழமை வந்தா தூங்கறதுதான் வேல. முகூர்த்தத் தேதி முடிவானதும் மெசேஜ் போடு, நான் லீவ் எடுக்கணும். குத்துவிளக்கும் பெரிய தாம்பாளமும் எங்கிட்ட இருக்கு, காசு குடுத்து வாங்காத. அக்கம்பக்கத்துல சொல்லப் போறப்ப தனியா போக கூச்சமா இருந்தா என்னயும் கூப்பிடு, வேல முடிஞ்சு நேரா வந்துடறேன்.

அம்மாவ கேட்டதா சொல்லு.

உன் தோழி