கேட்டு வந்தவனைத் தனியாக அனுப்பிய சபை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குதிரை, துப்பாக்கி, பழிவாங்கல், இவற்றைத் தாண்டி கௌபாய் படங்களில் ஒன்றும் கிடையாது என்று சென்ற இதழ்க் கட்டுரை முடித்துவிட்டது. மனம் கேட்காமல் எழுதுகிறேன். 1952-ல் ஃபிரெட் ஸின்னெமன் இயக்கிய ‘ஹை நூன்’ ஒன்றையாவது கட்டுரையாளர் கணக்கில் எடுத்திருக்கலாம்.

சிறையிலிருந்து வெளியே வந்த ஃபிராங்க் மில்லர், தன்னைப் பிடித்துக் கொடுத்த மார்ஷல் (ஊரின் காவல் அதிகாரி) வில் கேனைத் தீர்த்துக்கட்ட பகல் பன்னிரண்டு மணி ரயிலில் வருகிறான். அவனுடைய ஆட்கள் மூன்று பேர் ஸ்டேஷனில் காத்திருக்கிறார்கள். அன்று காலைதான் கேனுக்குக் கல்யாணம்; வேலையையும் விட்டாயிற்று. மனைவியோடு ஊரைவிட்டுக் கிளம்பியவர், வழியிலேயே வண்டியைத் திருப்பிவிடுகிறார்.

உதவி கேட்டு அவர் ஆலயத்துக்குள் நுழையும் காட்சிக்காகத்தான் இந்தக் கடிதம். ஞாயிறு ஆராதனை. போதகர் வேதாகமத்தில் மல்கியா புத்தகத்தின் நான்காம் அதிகாரத்தை எடுத்திருக்கிறார். வந்து நிற்பவரிடம் அவர் முதலில் சொல்வது, நீர் கோயிலுக்கு அடிக்கடி வருவதில்லை, கல்யாணத்தையும் இங்கே வைக்கவில்லை என்பதைத்தான். விஷயத்தைக் கேட்டதும் சிலர் எழுந்துவிடுகிறார்கள். அப்புறம் ஒருவர் தடுக்க, பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு விவாதம் தொடங்குகிறது. ஒவ்வொருவர் பேச்சிலும் கொஞ்சம் நியாயம் இருப்பதுதான் பயமாக இருக்கிறது. நன்மை எது, தீமை எது என்று தெளிவாகத் தெரிகிறது, ஆனால் போய்க் கொல்லுங்கள் என்று என் ஜனங்களிடம் எப்படிச் சொல்வேன் என்று போதகர் கைவிரிக்கிறார். மேயர் எழுந்து கேனை வாயாரப் புகழ்கிறார். தெருவில் துப்பாக்கிச் சூடு நடந்தால் வடக்கிலிருந்து வரவேண்டிய முதலீடு நின்றுபோகும், அதனால் நீ போய்விடுவதே ஊருக்கு நல்லது என்று முடிக்கிறார். அதற்குமேல் ஒருவரும் எழவில்லை.

சபைக் கமிட்டியில் உட்கார்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. கஷ்டப்பட்டு ஒருவர் வந்து நின்றால், சந்தா கட்டினாரா, ஆராதனைக்கு வந்தாரா என்றுதான் நாமும் முதலில் பார்க்கிறோம்.

படம் சுமார் 85 நிமிடம். திரையில் காட்டும் கடிகாரம் ஏறக்குறைய நம் கடிகாரத்தோடே ஓடுகிறது. ஒவ்வொரு கதவாக அவர் தட்டிவிட்டுத் திரும்பும்போது, “நீங்கள் ஒருமணி நேரமாவது என்னோடேகூட விழித்திருக்கக்கூடாதா?” என்று, பிடிபடுவதற்கு முன் கெத்செமனே தோட்டத்தில் ஆண்டவர் சீஷர்களிடம் கேட்டது காதில் விழாமல் இருக்காது. அதற்காகக் கேனை இயேசுவின் சாயல் என்று சொல்லிவிட முடியாது. பட்டயத்தை உறையிலே போடு என்று சீஷன் பேதுருவிடம் சொன்னவர் இயேசு. கேன் சுடுகிறார்.

மனைவி ஏமியின் நிலை இன்னும் கடினம். தகப்பனும் பத்தொன்பது வயது சகோதரனும் சுடப்பட்டுச் செத்த பிறகு, ஆயுதமே வேண்டாம் என்று குவேக்கர் சபையில் சேர்ந்தவள். ரயிலேறிவிட்டவள் முதல் வெடிச்சத்தம் கேட்டதும் இறங்கி ஓடிவருகிறாள். புருஷனைக் காப்பாற்ற, ஒருவனை முதுகில் சுடுகிறாள். அவள் விசுவாசத்தைக் கைவிட்டாளா, அன்பைக் கைவிடாமல் இருந்தாளா? எங்கள் வாலிபர் ஐக்கியத்தில் இதைப் போட்டுக் காட்டியபோது பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து ராத்திரிவரை வாதாடினார்கள். என்னால் இன்றும் ஒரு கட்சியில் சேர முடியவில்லை. கட்டுரையாளர் இந்தப் படத்தையும் பார்த்துவிட்டு எழுதினால் ஆவலோடு படிப்பேன்.

அன்புடன்,
பாளையங்கோட்டை வாசகர்