பெட்டியில் இல்லாத இயர்போன்: தொலைத்தொடர்புத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இந்தியத் தொலைத்தொடர்புத் துறைச் செயலர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் என் தாயாருக்குக் கைப்பேசி வாங்கப் போயிருந்தேன். அதன் எஸ்ஏஆர் அளவு, அதாவது அதன் அலையை உடல் உறிஞ்சும் அளவு, எவ்வளவு என்று கேட்டதற்கு, "கேமரா அம்பது மெகாபிக்சல் சார்" என்று பதில் வந்தது. கடைத் தம்பிமேல் குறையில்லை. அதை அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பெட்டியின் அடிப்புறத்தில், தலைக்கு ஒன்றும் உடலுக்கு ஒன்றுமாக இரண்டு எண்கள் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் அச்சாகியிருந்தன. கைப்பேசியைத் தலையிலிருந்து தள்ளிவைத்துப் பேச உதவும் இயர்போனோ பெட்டிக்குள் இல்லை.

கைப்பேசி வெளிவிடும் ரேடியோ அலையாற்றலை ஒரு கிலோ உடல்திசு எத்தனை வாட் அளவுக்கு உறிஞ்சுகிறது என்பதைச் சொல்லும் எண்தான் எஸ்ஏஆர். 2012 செப்டம்பர் 1 முதல் புதிய கைப்பேசிகளுக்கு, 1 கிராம் திசுவின் சராசரியில் கிலோவுக்கு 1.6 வாட் என்ற வரம்பைத் தாங்கள் கொண்டுவந்தீர்கள். ஐரோப்பாவின் வரம்பான 2 வாட், 10 கிராம் திசுவின் சராசரியில் கணக்கிடப்படுவதால், நம்முடையது அதைவிடக் கண்டிப்பானது. இவ்வளவு நல்ல விதியை வகுத்துவிட்டு, அதன் பயன் வாங்குபவர் கண்ணில் படாமல் விட்டிருப்பதுதான் என் மனக்குறை.

அச்சமூட்டுவதற்காக நான் இதை எழுதவில்லை. இந்த ரேடியோ அலைகள் அணுக்களை அயனியாக்கும் கதிர்கள் அல்ல. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011 மே மாதம் இவற்றை 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்னும் 2பி பிரிவில் வைத்தது; அது சான்று குறைவாக உள்ளவற்றுக்கான பிரிவு. அதே நிறுவனம் கேட்டுக்கொண்டதன்பேரில் நடந்து, 2024இல் வெளியான விரிவான மீளாய்வு, கைப்பேசிக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணவில்லை. ஆயினும், செலவின்றிக் குறைத்துக்கொள்ளக் கூடிய ஒன்றைக் குறைத்துக்கொள்ளும் வழியை மக்களுக்குச் சொல்லாதிருக்க அது காரணமாகாது.

சொல்ல வேண்டியதில் முதன்மையானது சிக்னல் பற்றியது. எங்கள் வீட்டின் பின்கட்டில் ஒரு கோடுதான் காட்டும். அம்மா அங்கேதான் உட்கார்ந்து, கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு அரைமணி நேரம் பேசுவார். சிக்னல் கோபுரத்தை எட்டுவதற்காகக் கைப்பேசி தன் திறனைக் கூட்டிக்கொள்வது அப்போதுதான். வாசல் திண்ணைக்கு வந்தால் தானாகக் குறைத்துக்கொள்ளும். கோபுரம் வேண்டாம் என்று ஊரே திரண்டு மனுக் கொடுக்கிறது, ஆனால் தொலைவில் நிற்கும் கோபுரத்தைவிடக் காதில் ஒட்டியிருக்கும் கருவியிலிருந்தே தலைக்கு அதிக அலை சேர்கிறது என்பதும், கோபுரம் தள்ளிப் போகப்போக அது கூடும் என்பதும் அந்த மனுவில் கையெழுத்திடுபவர்களுக்குத் தெரிவதில்லை.

அடுத்தது இடைவெளி. கம்பியுள்ள ஹெட்செட்டை மாட்டிக் கைப்பேசியை மேசைமேல் வைத்துவிட்டால், தலை பெறும் அளவு பெரிதும் குறைந்துவிடும். சட்டைப் பையில் வைத்தால் தலைக்குப் பதில் நெஞ்சுக்கு நெருங்கிவிடுகிறது. அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். புளூடூத் கருவிகள் பெரும்பாலும் சில மில்லிவாட்டுகளில் இயங்குபவை. ஆனால், தலைக்கவசத்துக்குள் கைப்பேசியைச் செருகிக்கொண்டு பைக்கில் போகும் நம்மூர் வழக்கத்தை எந்தக் கணக்கிலும் ஹேண்ட்ஸ்ஃப்ரீ என்று சொல்ல முடியாது. அதில் அலையைவிட லாரிதான் பெரிய ஆபத்து.

இவ்வகையில் பிரான்சின் அனுபவம் கவனிக்கத்தக்கது. கைப்பேசியோடு இயர்போனும் தரவேண்டும் என்று அங்கே சட்டமே இருந்ததால், 2020இல் ஆப்பிள் நிறுவனம் தன் பெட்டிகளிலிருந்து இயர்போனை எடுத்தபோதும் பிரான்சில் மட்டும் தொடர்ந்து கொடுத்தது. அந்தக் கட்டாயம் பின்னர் தளர்த்தப்பட்டாலும் கண்காணிப்பு நிற்கவில்லை: 2023 செப்டம்பரில் ஐபோன் 12இல், கைகால்களுக்கான 4 வாட் வரம்பை மீறி 5.74 வாட் பதிவானதால், விற்பனையை நிறுத்தச் சொன்னார்கள். மென்பொருளைத் திருத்திய பிறகே அனுமதித்தார்கள்.

ஆகவே தங்களிடம் கேட்பது இதுதான். கடையில் விலைச்சீட்டுக்கு அருகிலேயே எஸ்ஏஆர் அளவும் 1.6 என்ற வரம்பும் தமிழிலும் பிற மாநில மொழிகளிலும் பெரிய எழுத்தில் இருக்க உத்தரவிடுங்கள். கம்பியுள்ள இயர்போன் ஒன்றைப் பெட்டியிலேயே வைக்கச் சொல்லுங்கள். இயலாதெனில், மலிவு விலையில் அதே கடையில் கிடைக்கச் செய்யுங்கள். *#07# என்று அழுத்தினால் எஸ்ஏஆர் விவரம் திரையில் வரும் என்பதை, ரீசார்ஜ் முடியப்போகிறது என்று நாள்தோறும் குறுஞ்செய்தி அனுப்பும் நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது அனுப்பட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர்,
தேனி மாவட்டம்.