503-இல் 278 போனால்: தனியார் பள்ளிகள் சங்கத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். சென்னையில் மெட்ரிக் பள்ளிகளுக்கு, நர்சரி பிரைமரிக்கு, சிபிஎஸ்இக்கு என்று நீங்கள் பல சங்கங்களாக இருக்கிறீர்கள். இந்த மடல் எல்லோருக்கும் சேர்த்துத்தான். வில்லிவாக்கம், பெரம்பூர், கொளத்தூர் பக்கம் மூன்று மெட்ரிக் பள்ளிகளில் 22 வருடம் கணக்கு எடுத்தவள் நான். இப்போது வீட்டில் டியூஷன்.

போன வருடம் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்து சேர்ந்தான். அல்ஜீப்ரா சூத்திரமெல்லாம் கடகடவென்று ஒப்பிப்பான். பள்ளித் தேர்வில் 80-க்குக் குறையாது. ஒரு நாள் ஏதோ கணக்கின் நடுவில் 503-இலிருந்து 278-ஐக் கழிக்க வேண்டி வந்தது. 375 என்று எழுதினான். அவசரத்தில் செய்த தவறு என்று நினைத்து மறுபடி போடச் சொன்னேன். மறுபடியும் 375. உற்றுப் பார்த்த பிறகுதான் புரிந்தது. 8-இல் 3 போக 5, 7-இல் 0 போக 7, 5-இல் 2 போக 3. ஒவ்வொரு இடத்திலும் எது பெரிய எண்ணோ அதிலிருந்து சின்னதைக் கழித்துக்கொண்டே போயிருக்கிறான். கடன் வாங்கிக் கழிக்க அவனுக்குத் தெரியவில்லை. எட்டாம் வகுப்பு வரை எப்படியோ சமாளித்து வந்துவிட்டான்.

அவன் அம்மாவிடம் விசாரித்தேன். மூன்றாம் வகுப்பில் ஒரே வருடத்தில் மூன்று கணக்கு மிஸ் மாறினார்களாம். ஒருவர் கல்யாணமாகிப் போய்விட்டார். அடுத்தவர் பக்கத்துப் பள்ளியில் கொஞ்சம் கூடக் கிடைக்கிறது என்று போனார். மூன்றாமவர் பிப்ரவரியில் வந்து போர்ஷனை முடித்துக் கொடுத்தார். இரண்டாவது மிஸ்ஸுக்கும் மூன்றாவது மிஸ்ஸுக்கும் நடுவே எங்கேயோ அந்தப் பூஜ்யம் விழுந்துவிட்டது.

உங்கள் கூட்டங்களில் என்ன பேசுகிறீர்கள் என்பது செய்தித்தாளில் வருவதை வைத்து ஓரளவு தெரியும். 2009-இல் வந்த கட்டண ஒழுங்குமுறைச் சட்டம், கட்டணக் குழு நிர்ணயிக்கும் தொகை, ஆர்டிஇ எனும் கல்வி உரிமைச் சட்டப்படி நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒதுக்கும் 25 சதவீத இடங்களுக்கு அரசு தர வேண்டிய பாக்கி, கட்டடச் சான்று, பஸ்ஸுக்கு எஃப்சி (தகுதிச் சான்று). அதில் தப்பு சொல்ல மாட்டேன். முந்நூறு பிள்ளைகளோடு வாடகைக் கட்டடத்தில் பள்ளி நடத்துகிறவருக்கு ஆர்டிஇ பணம் தாமதமானால் அந்த மாதச் சம்பளமே தள்ளாடும். அதை உள்ளே இருந்து பார்த்திருக்கிறேன். ஆனால் வகுப்பறைக்குள் என்ன நடக்கிறது என்பதற்காகச் சங்கம் ஒன்றுகூடியதாக இந்த 22 வருடத்தில் ஒரு தடவை கூட நான் கேள்விப்படவில்லை.

தரம் என்பது அந்தந்தப் பள்ளியின் சொந்த விஷயம், சங்கம் அதில் என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு பள்ளி தனியாக நல்லது செய்தால் நஷ்டப்படுகிறது, அதுதான் இங்கே சிக்கல். எல்கேஜியில் எழுத வைக்கவில்லை என்றால் பெற்றோர் பக்கத்துப் பள்ளியைக் காட்டுகிறார்கள். சென்டம் ஃப்ளெக்ஸ் வைக்காத பள்ளியில் அட்மிஷன் குறைகிறது. எல்லோரும் ஒரே நாளில் நிறுத்தினால் யாருக்கும் குறையாது. அதைச் செய்ய வைக்கும் இடத்தில் இருப்பது சங்கம்தானே?

2017-ஐ நினைத்துப் பாருங்கள். பொதுத்தேர்வில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை அரசு அந்த மே மாதத்தோடு நிறுத்தியது. அதற்கு முன்பு ரேங்க் இல்லாமல் பள்ளி நடத்த முடியுமா என்று எங்கள் கரஸ்பாண்டண்டே கேட்டிருக்கிறார். நிறுத்திய பிறகு எந்தப் பள்ளியும் மூடப்படவில்லை. எல்லோருக்கும் ஒன்றாகப் போனதால் யாருக்கும் வலிக்கவில்லை. (ஃப்ளெக்ஸில் முதலிடத்துக்குப் பதிலாகச் சென்டம் எண்ணிக்கை வந்து உட்கார்ந்துகொண்டது, அது வேறு கதை.)

11-ஆம் வகுப்பு விஷயமும் இப்படித்தான். 11-ஆம் வகுப்புப் பாடத்தை ஒப்புக்கு நடத்திவிட்டு இரண்டு வருடமும் 12-ஆம் வகுப்புப் புத்தகத்தையே உருட்டிய பள்ளிகள் எவை என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நானே அப்படி நடத்தியிருக்கிறேன். மறைக்க விரும்பவில்லை. லிமிட்ஸும் வகையிடலும் 11-இல் தொடங்குகின்றன. 12-இல் வருவது அவற்றின் பயன்பாடு. அடிப்படையைத் தாண்டிக் குதித்த பிள்ளைகள் இன்ஜினியரிங் முதல் வருடக் கணக்கில் அரியர் வைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். நீங்களாகப் பேசி நிறுத்தவில்லை. அதனால் 2017-18 கல்வியாண்டில் அரசு 11-க்கும் பொதுத்தேர்வு கொண்டு வந்தது. 2025 ஆகஸ்ட்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அந்தத் தேர்வை எடுத்துவிட்டது. பிள்ளைகளுக்கு மூன்று வருடம் தொடர்ந்து பொதுத்தேர்வு என்ற பாரம் குறைந்தது, சரி. ஆனால் பழைய வழக்கம் திரும்ப எத்தனை நாளாகும்? இந்தத் தடவையாவது அரசு வந்து தடி எடுக்கும்வரை காத்திருக்காமல், 11-ஆம் வகுப்புப் பாடத்தை 11-இல் முழுதாக நடத்துவோம் என்று சங்கமே முடிவெடுத்து அறிவிக்கலாம். உறுப்பினர் பள்ளிகளுக்கு ஒரே வினாத்தாள், ஒரு பள்ளித் தாளை இன்னொரு பள்ளி ஆசிரியர் திருத்துவது என்று வைத்தால் ஏமாற்றவும் முடியாது.

நூறு சதவீதத் தேர்ச்சிக்கும் இதே வைத்தியம் வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் 60 பேர், பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியது 47 பேர், தேர்ச்சி நூறு சதவீதம் என்றால் அந்த 13 பேர் எங்கே? "வேற ஸ்கூல் பாத்துக்கோங்கம்மா" என்று டிசியைக் கையில் கொடுத்தனுப்பியதை நாங்கள் ஸ்டாஃப் ரூம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். தேர்ச்சி விகிதத்தை விளம்பரம் செய்கிற பள்ளி, ஒன்பதாம் வகுப்பில் இருந்தவர்களின் எண்ணிக்கையையும் பக்கத்திலேயே போட வேண்டும் என்று ஒரு விதி வையுங்கள்.

பள்ளியில் சேர்க்கப் பிள்ளையையும் பெற்றோரையும் உட்கார வைத்து நேர்காணல் எடுப்பதைக் கல்வி உரிமைச் சட்டம் 13-ஆம் பிரிவில் தடை செய்திருக்கிறது. 2010-இலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. இதைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

இனி ஆசிரியர் விஷயம். இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் என் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகள் ஆறு வருடம் கரஸ்பாண்டண்ட் அறைப் பீரோவில் இருந்தன. என் பெண்ணுக்கு வங்கியில் கல்விக் கடன் கேட்கப் போனபோது என் பட்டச் சான்றிதழையும் காட்டச் சொன்னார்கள். என்னுடைய பொருளுக்கு நான் விண்ணப்பம் எழுதி, இரண்டு நாளில் திருப்பித் தருகிறேன் என்று கையெழுத்துப் போட்டு வாங்கினேன். நடு வருடத்தில் ஓடிவிடுகிறார்கள், அதனால்தான் வைத்துக்கொள்கிறோம் என்பீர்கள். ஓடுகிறவர்கள் அப்படியும் ஓடுகிறார்கள், மீதிப் பேர் மனதை எப்போதோ வெளியே அனுப்பிவிட்டு உடம்பை மட்டும் வகுப்பில் நிறுத்திவைத்திருக்கிறார்கள். பத்து மாதச் சம்பளம், மே மாதம் பட்டினி, அந்த மே மாத வெயிலிலேயே ஷேர் ஆட்டோ ஸ்டாண்டில் நின்று அட்மிஷன் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். என்னிடம் படித்து பி.எட். முடித்த பெண் ஒருத்தி இப்போது தி.நகரில் துணிக்கடையில் பில் போடுகிறாள். "அங்க பன்னெண்டு மாசமும் சம்பளம் மிஸ்" என்றாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

சங்கம் ஒரு குறைந்தபட்சச் சம்பள விகிதத்தை ஒப்புக்கொண்டு, 12 மாதமும் வங்கிக் கணக்கில் போடுவது என்று முடிவெடுத்தால் செலவு கூடும். சின்னப் பள்ளிகளால் உடனே முடியாது, இரண்டு மூன்று வருடத்தில் படிப்படியாகச் செய்யட்டும். சர்டிபிகேட்டைத் திருப்பிக் கொடுக்கக் காசு வேண்டாம். சரிபார்த்து நகல் எடுத்துக்கொண்டு அன்றைக்கே கையில் கொடுத்துவிடலாம். அடுத்த செயற்குழுவில் இந்த ஒன்றை மட்டுமாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பயிற்சி. அரசுப் பள்ளிகளில் 2022-இல் எண்ணும் எழுத்தும் தொடங்கினார்கள். தொடக்க வகுப்புப் பிள்ளைகளை நிலைக்கு ஏற்றபடி பிரித்துப் படிக்கவும் கணக்குப் போடவும் வைக்கும் திட்டம். அரசுப் பள்ளியைப் பார்த்து நாங்கள் கற்றுக்கொள்வதா என்று உங்களில் சிலர் முகம் சுளிப்பீர்கள். சுளித்துவிட்டுப் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு பகுதியிலும் நான்கைந்து பள்ளிகள் சேர்ந்து மாதம் இரண்டு சனிக்கிழமை ஒரு பள்ளியில் கூடலாம். வெளியிலிருந்து கோட் போட்ட ஆள் வந்து ஸ்லைடு காட்டுவதெல்லாம் வேண்டாம். மூன்றாம் வகுப்பு மிஸ்கள் ஐந்து பேர் உட்கார்ந்து, நடுவில் பூஜ்யம் வரும் கழித்தலைக் குச்சிக் கட்டுகளை வைத்து எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று பேசினாலே போதும்.

கொளத்தூர், வில்லிவாக்கம் பக்கம் அப்படிக் கூடினால் எனக்கும் சொல்லியனுப்புங்கள். சம்பளம் வேண்டாம், குச்சிக் கட்டுகளை நானே கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஒரு கணக்கு டீச்சர்
கொளத்தூர், சென்னை