செம்பிலிருந்து சிலிக்கானுக்கு: கிராஃபீனின் கடினமான பயணம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எஃகைவிட உறுதியானது, மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்துவது என்று கிராஃபீனின் பெருமைகளை விவரிக்கும் செய்திகள், ஓரணுக் கனமே உள்ள அந்தக் கார்பன் படலம் வளர்ந்த இடத்திலிருந்து பயன்படும் இடத்துக்கு எப்படி வந்து சேர்கிறது என்பதை மட்டும் சொல்வதில்லை. ஆராய்ச்சி மாணவனாக இந்த ஒரு வேலையிலேயே பல மாதங்களைக் கழித்தவன் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

2004இல் மான்செஸ்டரில் இயற்பியலாளர்கள் கெய்மும் நோவோசெலோவும் கிராஃபைட்டிலிருந்து ஒட்டுநாடாவால் உரித்தெடுத்தவை மிகச் சிறிய துணுக்குகள். 2009இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில், சுமார் 1,000 டிகிரி செல்சியஸில் செம்புத் தகட்டின்மீது மீத்தேனைச் செலுத்திப் பெரிய படலங்களை வளர்த்துக் காட்டினார்கள். ஆனால் செம்பின்மேல் இருக்கும்வரை அதைக் கொண்டு டிரான்சிஸ்டர் செய்ய இயலாது. மின்னோட்டம் செம்பின் வழியாகவே போய்விடும்.

ஆகவே, படலத்தைத் தாங்கிப் பிடிக்க அதன்மேல் பிஎம்எம்ஏ என்ற பாலிமரைப் பூசி, ஃபெரிக் குளோரைடு கரைசலில் மிதக்கவிட்டுச் செம்பைக் கரைத்து, தூய நீரில் பலமுறை அலசி, சில்லுகள் செய்யப் பயன்படும் மெல்லிய சிலிக்கான் தகடான வேஃபரால் மெல்ல அள்ளியெடுத்து, இறுதியில் அசிட்டோனில் பாலிமரைக் கரைக்க வேண்டும். அள்ளும்போது அடியில் சிறு குமிழி சிக்கினாலும் அந்த இடத்தில் கிழிந்துவிடும். அப்படிக் கிழிந்த படலங்கள் என்னிடம் ஏராளம். கிழியாமல் தப்பியவற்றிலும் பாலிமர் முழுவதுமாக நீங்குவதில்லை. கிராஃபீனின் கனம் 0.34 நானோமீட்டர்தான், ஒட்டிக்கொண்டிருக்கும் எச்சமோ பல இடங்களில் அதைவிடக் கனமாக இருக்கும். இந்த எச்சமும் அடியில் சிக்கிய நீரும் எலக்ட்ரான்களைச் சிதறடித்து, ஒரே வேஃபரில் அருகருகே உள்ள இரு சாதனங்களைக்கூட வெவ்வேறாக நடந்துகொள்ளச் செய்கின்றன. எஞ்சும் செம்பு, இரும்புத் துகள்களைச் சில்லுத் தொழிற்சாலைகள் ஏற்பதில்லை, செம்பு சிலிக்கானுக்குள் ஊடுருவிக் கெடுத்துவிடும் என்பதால்.

தீர்வு இல்லாமல் இல்லை. போரான் நைட்ரைடு படிகத்தால் கிராஃபீனைச் செம்பிலிருந்து உலர்வாகவே தூக்கியெடுக்கும் முறையை 2015இல் ஜெர்மனியின் ஆகென் நகர ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். கிராஃபீனைப் பாலிமரும் கரைசலும் தொடாததால், செம்பில் வளர்த்த படலமும் இயற்கைக் கிராஃபைட்டிலிருந்து உரித்ததற்கு இணையான தரத்தைக் காட்டியது. என் பார்வையில் இத்துறையின் மிக முக்கியமான முடிவுகளுள் அது ஒன்று. ஆனால் அந்தப் படிகங்கள் மைக்ரோமீட்டர் அளவிலானவை, ஆகவே அவற்றால் தூக்கியெடுக்க முடிவதும் அத்தனை சிறிய துணுக்குகளே. தென் கொரியாவில் 2010இலேயே உருளைகளுக்கிடையே செலுத்தி 30 அங்குலப் படலத்தை மாற்றிக் காட்டியிருந்தாலும், தொடுதிரைக்குப் போதுமான அந்தத் தூய்மை டிரான்சிஸ்டருக்குப் போதாது.

எனவே, கிராஃபீன் சாதனம் குறித்த செய்தியை இனி வெளியிடும்போது, படலம் எந்த முறையில் இடம் மாற்றப்பட்டது, செய்த சாதனங்களில் எத்தனை ஒரே சீராக இயங்கின என்ற இரு விவரங்களையும் கேட்டுச் சேர்க்குமாறு தங்கள் அறிவியல் செய்தியாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பொருளறிவியல் ஆய்வாளர் ஒருவர்