டன் கணக்கில் சொன்னால்தான் கணக்கு

அன்புள்ள சுந்தரம்,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் மகிழ்ச்சி.

மின்நிலையத் திறனில் பாதி நிலக்கரி, எரிவாயு சாராததாக இருக்க வேண்டும் என்ற 2030 இலக்கை இந்தியா 2025-லேயே தொட்டுவிட்டதே, பிறகென்ன குறை என்று கேட்டிருக்கிறாய். திறன் வேறு, உற்பத்தி வேறப்பா. 100 மெகாவாட் சோலார் 20 சதவீதப் பயன்பாட்டில் ஆண்டுக்குச் சுமார் 17.5 கோடி யூனிட் தரும். அதே 100 மெகாவாட் அனல்மின் நிலையம் 70 சதவீதத்தில் ஓடினால் 61 கோடி யூனிட். திறனில் பாதி வந்த பிறகும் உற்பத்தியில் பெரும்பங்கு நிலக்கரிக்கே போவது இதனால்தான்.

இதில் இன்னொரு சிக்கல் சாயங்காலம். சோலார் படுக்கும் நேரத்தில் தேவை ஏறும். அதற்காக அனல் யூனிட்டை மத்தியானம் அணைத்து ஆறு மணிக்குக் கிளப்ப முடியாது. விதி முழுத் திறனில் 55 சதவீதம் வரை இறங்கச் சொல்கிறது. அதற்கும் கீழே போகப் போகக் கொதிகலனில் தீ தள்ளாடும், குழாய்களும் சீக்கிரம் தேயும். ஆக, நல்ல வெயிலில் சோலாரைக் குறைக்கச் சொல்கிறார்கள். காடம்பாறையில் 400 மெகாவாட்டுக்குத் தண்ணீரை மேலேற்றிச் சேமிக்கிறோமே, அந்த வகைச் சேமிப்பும் பேட்டரியும் பெருகாமல் இது தீராது.

அடுத்தது, 2030-க்குள் உமிழ்வை, அதாவது வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடு போன்ற வாயுக்களை, 2005-ஐவிட 45 சதவீதம் குறைப்போம் என்ற இந்தியாவின் வாக்குறுதி. அது மொத்த உமிழ்வில் அல்ல, பொருளாதார உற்பத்தியின் ஒவ்வொரு ரூபாய்க்குமான உமிழ்வில். ஆண்டுக்கு 6 சதவீத வளர்ச்சி என்றால் 25 ஆண்டில் பொருளாதாரம் 4.3 மடங்கு. அதை 0.55-ஆல் பெருக்கிப் பார்: உமிழ்வு 2.4 மடங்கு ஆகியும் வாக்குறுதி நிறைவேறிவிடும்! வளிமண்டலத்துக்கு ரூபாய் தெரியாது. புவி வெப்ப உயர்வு 1.5 டிகிரிக்குள் நிற்கப் பாதி வாய்ப்பாவது வேண்டுமென்றால், 2020 தொடக்கத்திலிருந்து உலகம் வெளியிட மிச்சம் 50,000 கோடி டன் கார்பன் டை ஆக்சைடு என்றது ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி. ஆண்டுச் செலவோ ஏறக்குறைய 4,000 கோடி டன்.

நம் தலைக்கான உமிழ்வு உலக சராசரியில் பாதிகூட இல்லை, அதனால் நமக்குக் கூடுதல் பங்கு கேட்பது நியாயம்தான். ஆனால் அந்தப் பங்கையும் டன்னில் கேட்க வேண்டும். 2070-ல் நிகரப் பூஜ்யம், அதாவது வெளிவிடுவதும் உறிஞ்சுவதும் சமம், என்று மட்டும் சொன்னால் போதாது. உமிழ்வின் உச்சம் 2035-ல் வருகிறதா 2045-ல் வருகிறதா என்பதைப் பொறுத்து இடையில் சேரும் மொத்தம் எங்கேயோ போய்விடும்.

பிரிட்டனில் 2008 சட்டப்படி ஒவ்வொரு ஐந்தாண்டு உமிழ்வுக்கும் டன்னில் வரம்பு உண்டு, 2033–37-க்கு 96.5 கோடி டன். அங்கேயும் ஓட்டை இருந்தது. எந்தக் கொள்கையால் எவ்வளவு குறையும் என்ற கணக்கை அமைச்சருக்கே சரியாகக் காட்டவில்லை என்று 2022-ல் உயர் நீதிமன்றம் அரசின் திட்டத்தைச் சட்டவிரோதம் என்றது. நமக்கு அப்படிக் கேட்க ஒரு சட்டமே இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

நீ எழுதப்போகும் கட்டுரையில் நிறுவுதிறன் படத்தைத் தூக்கிவிட்டு, மாதவாரி உற்பத்தியையும் எரித்த நிலக்கரி டன்னையும் போடு. வரைவை அனுப்பு, பார்த்துத் தருகிறேன்.

உன்,
ராகவன்