கூட்டணியைத் தீர்மானிப்பது கல்லாப்பெட்டி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்கக் கூட்டணி அரசைப் பற்றி எழுதுகிறவர்கள் இன்னமும் கறுப்பர், வெள்ளையர், இந்தியர் என்ற பழைய கணக்கிலேயே எழுதுகிறார்கள். நான் டர்பனில், இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். இங்கே உட்கார்ந்து பார்த்தால், எந்தக் கட்சி எந்தக் கட்சியோடு நிற்கும் என்பதை வரியும் பட்ஜெட்டும்தான் தீர்மானிக்கின்றன.

2024 மே தேர்தலில் ஆளும் கட்சியான ஏ.என்.சி.க்கு (ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ்) 40 சதவீதம்தான் கிடைத்தது. 1994க்குப் பிறகு முதல் தடவையாகப் பெரும்பான்மை போனது. முன்னாள் ஜனாதிபதி ஜூமாவின் எம்.கே., ஜூலியஸ் மலேமாவின் ஈ.எஃப்.எஃப். ஆகிய இரண்டு கட்சிகளோடும் சேர்ந்திருக்கலாம், எல்லாம் ஒரே வீட்டிலிருந்து பிரிந்து போனவர்கள்தானே. ஆனால் சுரங்கத்தையும் வங்கியையும் அரசே எடுக்கவேண்டும் என்பவர்கள் உள்ளே வந்தால் ராண்ட் மதிப்பு விழும், முதலீடு போய்விடும் என்ற பயம் இருந்தது. கடைசியில் பல வருடம் எதிரே உட்கார்ந்து சண்டை போட்ட டி.ஏ. (டெமாக்ரடிக் அலையன்ஸ்) கட்சியோடு கைகோத்தார்கள். கம்பெனிக்காரர்களுக்கு நிம்மதி. தொழிற்சங்கங்களுக்குக் கசப்பு. நிறவெறி ஆட்சிக் காலத்திலிருந்து ஏ.என்.சி.யோடு கூடவே நின்ற கம்யூனிஸ்ட் கட்சி, அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் தனியாக நிற்போம் என்று 2024 டிசம்பரில் முடிவு எடுத்துவிட்டது.

அப்புறம் வந்தது, பொருள் விலையோடு சேர்த்து வாங்கும் வாட் வரிச் சண்டை. 2025 பிப்ரவரியில் நிதியமைச்சர் பட்ஜெட் வாசிக்க வேண்டிய நாளிலேயே அது தள்ளிப்போனது, காரணம் வாட்டை இரண்டு சதவீதம் கூட்டுவதற்குக் கூட்டாளிகளே சம்மதிக்கவில்லை. மார்ச்சில் அதை அரை அரை சதவீதமாக இரண்டு வருடத்துக்கு என்று மாற்றிக் கொண்டுவந்தார்கள். ஏப்ரல் 2 அன்று நாடாளுமன்றத்தில் 194க்கு 182 என்று தப்பித்தது. அரசுக்குள் இருக்கிற டி.ஏ. எதிர்த்து ஓட்டுப் போட்டது, வெளியே இருக்கிற ஆக்‌ஷன் எஸ்.ஏ. கட்சி ஆதரித்துப் போட்டது. டி.ஏ.வும் ஈ.எஃப்.எஃப்.பும், ஜென்மப் பகைக்காரர்கள், வரி உயர்வை எதிர்த்துக் கோர்ட்டில் ஒரே பக்கம் நின்றார்கள். ஏப்ரல் 24 அன்று வரி உயர்வே கைவிடப்பட்டது.

இது என் கடையில் எப்படி வந்து விழுந்தது என்று சொல்கிறேன். மே 1 முதல் வாட் பதினைந்தரை சதவீதம் என்று சொன்னதால் பில்லிங் மெஷின்காரரை வரவழைத்துக் காசு கொடுத்து மாற்றி, ஷெல்ஃப் விலைச் சீட்டு பாதியை அச்சடித்தும் வைத்துவிட்டேன். ஒரு வாரம் இருக்கும்போது வேண்டாம் என்றார்கள். எல்லாவற்றையும் குப்பையில் போட்டேன். அரிசிக்கும் பருப்புக்கும் எண்ணெய்க்கும் வாட் கிடையாது. சீனி, டீத்தூள், மசாலா, கோழி எல்லாவற்றுக்கும் உண்டு. அந்த உயர்வோடு சேர்த்து ஆட்டுக்கால், தலை, நாக்கு மாதிரியான கறிகளுக்கு வரியை நீக்குவதாகவும் சொல்லியிருந்தார்கள், உயர்வு போனதும் அதுவும் சேர்ந்து போய்விட்டது. வாரக் கடைசியில் ஆட்டுக்காலும் பீன்ஸும் சமைக்கிற வீடுகள் இங்கே எத்தனை! அந்த வீட்டு அம்மாக்கள் என்னிடம் வந்து, "எப்போங்க விலை குறையும்?" என்று கேட்டார்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

எங்கள் ஊரும் எப்போதும் பொருளாதாரத்தைப் பார்த்து ஓட்டுப் போட்ட ஊர் இல்லை. 1994இல் இங்கே ஏராளமான இந்தியர்கள் நிறவெறிச் சட்டம் போட்ட அதே நேஷனல் பார்ட்டிக்கே வாக்களித்தார்கள், கறுப்பர் ஆட்சி வந்தால் என்ன ஆகுமோ என்ற பயத்தில். பிறகு இந்தியத் தலைவர் ராஜ்பன்சியின் மைனாரிட்டி ஃப்ரண்ட் கட்சி, பிறகு டி.ஏ. அந்த டி.ஏ.தான் இப்போது ஏ.என்.சி.யோடு மந்திரி சபையில் இருக்கிறது. எங்கள் மாகாணமான குவாசூலு-நட்டாலிலும் 45 சதவீதம் வாங்கிய எம்.கே.யை வெளியே வைத்து, மாகாணச் சட்டசபையின் 80 இடத்தில் 41ஐச் சேர்த்து 2024 ஜூனில் நான்கு கட்சிகள் ஆட்சி அமைத்தன.

கூட்டு சேருவது தப்பு என்று நான் சொல்லவில்லை. 2024 ஜூனில் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் வளர்ச்சி, வேலை என்று நல்ல வார்த்தை நிறைய இருந்தது, வாட் கூடுமா என்று ஒரு வரி இல்லை. எட்டு மாதத்தில் அங்கேயேதான் கிழிந்தது. டர்பனை நிர்வகிக்கும் எத்தெக்வினி மாநகராட்சியில் 2021இலிருந்தே யாருக்கும் தனிப் பெரும்பான்மை கிடையாது, அடுத்த தேர்தலிலும் கூட்டணிதான் வரும். ஆகவே ஓட்டுக் கேட்டு என் கடைக்கு வருகிறவர் எந்தக் கட்சியானாலும் சரி, கரண்டுக்கும் தண்ணீருக்கும் எவ்வளவு கூட்டுவீர்கள், யாரோடு சேர்ந்தால் எதை விட்டுக்கொடுப்பீர்கள் என்று எழுதிக் கேட்கப்போகிறேன். எழுதித் தருகிறவர் தாளைக் கல்லாவுக்குப் பக்கத்தில் எல்லோரும் படிக்க ஒட்டிவைப்பேன்.

இப்படிக்கு,
ஒரு மளிகைக் கடைக்காரர்
சாட்ஸ்வொர்த், டர்பன்